ஒரே புழுவுக்கு மூன்று நிறம், இரண்டு பூச்சிக்கு ஒரே மண்டையோடு

எள் வயலில் அடுத்தடுத்த செடிகளில் விரல் பருமனுக்கு மூன்று புழுக்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று நல்ல மஞ்சள். அதன் பக்கவாட்டில் நீலமும் ஊதாவும் கலந்த சாய்வுக் கோடுகள். இரண்டாவதற்கும் அதே கோடுகள்தான், ஆனால் உடம்பு இலைப்பச்சை. மூன்றாவது சாம்பல் கலந்த பழுப்பு. அதில் சாய்வுக் கோடு எடுப்பாகத் தெரியாது, தலையை அடுத்த பகுதியில் மட்டும் வெள்ளை படர்ந்திருக்கும். பார்க்கிற யாரும் இவை மூன்று வகைப் புழு என்றுதான் சொல்வார்கள். மூன்றும் ஒரே இனம். ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்து வந்தவையாகக்கூட இருக்கலாம்.

அதே ஊரில் ராத்திரி விளக்குக்கு வரும் இரண்டு பெரிய அந்துப்பூச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் முதுகிலும் மண்டையோட்டுக் குறி. இரண்டுக்கும் மஞ்சளும் கறுப்புமான பின் இறக்கை, பட்டை பட்டையான வயிறு. இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் அவை தனித்தனி இனங்களாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

மண்டையோட்டு அந்துப்பூச்சியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் சொல்வது இந்த இரண்டையும்தான்: புழுவின் நிறம், பூச்சியின் மண்டையோடு. இது எந்த இனம் என்று கேட்டால் இரண்டுமே பதில் சொல்லாது. பதில் வேறு இடங்களில் இருக்கிறது. கொம்பின் சொரசொரப்பில், பின் இறக்கை உடம்போடு சேரும் இடத்தில், வயிற்றின் கீழ்ப்பக்கத்தில், கூட்டுப்புழுவின் மூக்கில். அந்த இடங்களைப் பார்க்கப் பழகிவிட்டால் இந்தப் பூச்சி குழப்பமே தராது.

முதலில் யார் யார் என்று பார்த்துவிடலாம். பருந்து அந்துப்பூச்சிகள் என்று தமிழில் சொல்லப்படும் ஸ்பிஞ்சிடே குடும்பத்தில் உலகம் முழுக்க 1,400க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அதில் அக்கெரோன்ஷியா என்ற பேரினத்தில் இருப்பவை மூன்றே மூன்று. மண்டையோட்டுக் குறி இந்த மூன்றுக்கும் உண்டு. அட்ரோபோஸ் என்பது 1758ல் லின்னேயஸ் பெயரிட்டது. ஆப்பிரிக்கா அதன் தாயகம், அங்கிருந்து கோடைக்காலத்தில் ஐரோப்பாவுக்குப் பறந்து போகும். லாக்கெசிஸ் 1798ல் ஃபப்ரீஷியஸ் பெயரிட்டது. இந்தியா, இலங்கை தொடங்கி தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது. ஸ்டிக்ஸ் 1847ல் வெஸ்ட்வுட் பெயரிட்டது. அரேபியா தொடங்கி இந்தியா வழியாக சீனா, ஜப்பான் வரை இருக்கிறது. மூன்று பெயர்களும் கிரேக்கப் புராணத்தில் சாவோடும் விதியோடும் தொடர்புள்ளவை. மண்டையோட்டைப் பார்த்தவர்களுக்கு வேறு நினைப்பு வரவில்லை போலும்.

நமக்கு முக்கியம் பின் இரண்டும்தான். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஸ்டிக்ஸும் உண்டு, லாக்கெசிஸும் உண்டு. அட்ரோபோஸ் இங்கே கிடையாது. இணையத்தில் தேடினால் வரும் படங்களில் பெரும்பகுதி ஐரோப்பியர்கள் எடுத்த அட்ரோபோஸ் படங்கள். அதைப் பார்த்துத் தங்கள் தோட்டத்துப் பூச்சிக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். மண்டையோடு பொருந்துகிறதே, அப்புறம் என்ன என்று தோன்றுவது இயல்புதான்.

சரி, புழுவிலிருந்து தொடங்கலாம். ஏனென்றால் பகலில் நம் கண்ணில் அதிகம் படுவது அதுதான்.

பெண் பூச்சி முட்டைகளைக் குவியலாக இடாது. பெரும்பாலும் முற்றிய இலையின் அடியில் ஒவ்வொன்றாக ஒட்டும். பொரித்து வரும் குஞ்சுப் புழு வெளிர்பச்சை. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கருமையான கொம்பு மட்டும் உடம்பின் அளவுக்குப் பொருத்தமே இல்லாமல் நீளமாக இருக்கும். நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கிறது. இளம் பருவங்களில் எல்லாமே பச்சைதான். நடுப்பருவத்தில் பக்கவாட்டுக்கு ஏழு என்ற கணக்கில் சாய்வுக் கோடுகள் தெளிகின்றன. முதலில் மஞ்சள் கோடு, பிறகு அதன் ஓரத்தில் நீலமோ ஊதாவோ சேரும். நிறம் பிரிவது அதற்கப்புறம். பழுப்பு வடிவம் கடைசித் தோலுரிப்புக்குப் பிறகுதான் வெளிப்படுகிறது. நேற்று வரை பச்சையாக இருந்த புழு தோலைக் கழற்றிவிட்டு முற்றிலும் வேறொரு நிறத்திலும் வேறொரு கோலத்திலும் வந்து நிற்கும். வளர்த்துப் பார்ப்பவர்களுக்கே பெட்டிக்குள் வேறு புழு புகுந்துவிட்டதோ என்ற சந்தேகம் வரும்.

பழுப்பில் மாறுவது வெறும் நிறம் மட்டும் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். மஞ்சளுக்கும் பச்சைக்கும் அடிப்படை வரைபடம் ஒன்றே. பின்னணி வண்ணம் மட்டும் வேறு. பழுப்பில் வரைபடமே வேறு. சாய்வுக் கோடுகள் மங்கி, பட்டையில் பாசி படர்ந்தது போன்ற கறைகள் வரும். முன்பகுதியில் வெளிர்நிறமும் அதன் நடுவே கருங்கோடும் தெரியும். மற்ற இரண்டையும்விட இது குறைவாகவே கண்ணில் படுகிறது. குறைவாக இருக்கிறதா, நன்றாக ஒளிந்துகொள்கிறதா என்று கேட்டால், இரண்டுக்கும் பங்கு இருக்கும் என்றே சொல்வேன்.

முழு வளர்ச்சியில் 12 சென்டிமீட்டர் வரை வரும் புழு ஒரு செடியில் ஒளிந்திருக்க முடிகிறது என்பதே பெரிய விஷயம். அந்தச் சாய்வுக் கோடுகளின் வேலை அங்கேதான் புரிகிறது. இலை நரம்புகள் எந்தச் சாய்வில் ஓடுகின்றனவோ கிட்டத்தட்ட அதே சாய்வில் அவை உடம்பை வெட்டுகின்றன. கோட்டின் ஒரு பக்கம் வெளிர், மறு பக்கம் நிழல் போன்ற ஊதா. அதனால் ஒரு தடித்த உருளை, பார்க்கும் கண்ணுக்குப் பல சிறு இலைத் துண்டுகளாகச் சிதறிப் போகிறது. மஞ்சள் புழுவும் அப்படித்தான். கையில் எடுத்தால் கூச்சலிடுகிற மஞ்சள். ஆனால் பழுத்துக்கொண்டிருக்கும் கீழ் இலைகளோடும், வெயில் ஊடுருவும் இலைகளோடும் அது சேர்ந்துவிடும். எள் செடியில் அடி இலைகள் மஞ்சளாகும் நேரத்தில் இதைத் தேடிப் பார்த்தால் தெரியும்.

நிறம் எப்படி வருகிறது? இந்தக் குடும்பத்தில் மிக விரிவாக ஆராயப்பட்ட புழு, அமெரிக்காவின் புகையிலைக் கொம்புப் புழுவான மாண்டுகா செக்ஸ்டா. அதன் பச்சைக்குப் பச்சை நிறமி காரணம் இல்லை. உடம்பில் ஒரு நீலப் புரதம் இருக்கிறது, இன்செக்டிசயனின் என்று பெயர். இலையைத் தின்னும்போது கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமி சேர்கிறது. நீலமும் மஞ்சளும் கலந்து பச்சை. கரோட்டினாய்டு இல்லாத செயற்கை உணவில் வளர்த்தால் அதே புழு நீலமாகவே வளரும். பச்சையும் மஞ்சளும் தூரத்து நிறங்கள் அல்ல, ஒரே கலவையின் அளவு மாற்றம்தான் என்பது இதிலிருந்து புரியும்.

கறுப்பும் பழுப்பும் வேறு வழியில் வருகின்றன. தோலுரிப்புக்கு முன்னால் இளமை ஹார்மோன் எந்த அளவில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து அடுத்த தோலில் கருநிறம் படிவது தீர்மானமாகிறது. மாண்டுகா செக்ஸ்டாவில் கறுப்பாகப் பிறக்கும் ஒரு மரபுப் பிறழ்வு உண்டு. அதில் இந்த ஹார்மோன் குறைவு. 2006ல் சுசுகி, நைஹவுட் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் கறுப்புப் புழுக்களைச் சிறிது நேரம் கடும் வெப்பத்தில் வைத்தார்கள். சில பச்சைக்கு மாறின. மாறியவற்றை மட்டும் தேர்ந்து தலைமுறை தலைமுறையாக வளர்த்தபோது, குளிரில் கறுப்பாகவும் வெப்பத்தில் பச்சையாகவும் வளரும் ஒரு வம்சமே உருவாகிவிட்டது. அதன் நெருங்கிய உறவான தக்காளிக் கொம்புப் புழு இயற்கையிலேயே அப்படித்தான். 20 டிகிரியில் வளர்ந்தால் கறுப்பு, 28 டிகிரியில் வளர்ந்தால் பச்சை.

ஒளிக்கும் இதில் பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் எட்வர்ட் பவுல்ட்டன் என்ற ஆய்வாளர், வேறு சில பருந்து அந்துப்பூச்சிகளின் புழுக்களை வெவ்வேறு இலைகளில் வளர்த்து, சுற்றியிருக்கும் இலையின் நிறத்துக்கு ஏற்பப் புழுவின் நிறம் சாய்வதைக் காட்டினார். ஆக, இந்தக் குடும்பத்தில் புழுவின் நிறம் என்பது பரம்பரை, வெப்பம், ஒளி, உணவு எல்லாம் சேர்ந்து எடுக்கும் முடிவு. இனத்தின் பெயர்ப்பலகை அல்ல. மூன்று நிறத்தை மூன்று இனமாக எண்ணுவது, ஒரே வீட்டுப் பிள்ளைகளைச் சட்டையை வைத்து மூன்று வீடாகப் பிரிப்பதற்குச் சமம்.

ஏன் ஒரே இனம் பல நிறங்களை வைத்துக்கொள்ள வேண்டும், சிறந்த ஒன்றோடு நிற்கலாமே என்ற கேள்வி நியாயமானது. இதற்குப் பறவைகளின் பக்கத்திலிருந்து பதில் சொல்லலாம். ஒரு பறவை ஒரு மாதிரிப் புழுவைச் சில முறை கண்டுபிடித்துத் தின்றுவிட்டால், அதன் மனதில் அந்த உருவம் பதிந்துவிடும். பிறகு அதையே தேடும், மற்றதைக் கவனிக்காமல் தாண்டிப் போகும். தேடல் பிம்பம் என்ற இந்தக் கருத்தை முன்வைத்தவர் பறவை ஆய்வாளர் லூக் டின்பெர்கன். அவர் இறந்த பிறகு, 1960ல் அந்த ஆய்வு வெளியானது. எல்லாப் புழுவும் பச்சை என்றால் ஒரு பிம்பம் போதும். மூன்று வடிவம் இருந்தால், எது அரிதோ அது தப்பிக்கும். அரிதாக இருப்பதே ஒரு பாதுகாப்பு.

இந்த மூன்று போதாதென்று நான்காவதாக ஒரு நிறமும் உண்டு. தின்று முடித்த புழு மண்ணுக்குள் இறங்குவதற்கு முன் நிறம் மங்கிக் கருத்து, பழுப்பு கலந்த காவிக்கு மாறும். செடியை விட்டு இறங்கித் தரையில் வேகமாக நடக்கும். வரப்பிலோ வாசலிலோ இப்படி ஒன்றைப் பார்ப்பவர்கள் நோய் வந்த புழு என்றோ, புதுவகை என்றோ நினைப்பதுண்டு. அது வெறுமனே கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது.

நிறத்தை விட்டுவிட்டால் புழுவில் எதைப் பார்ப்பது? கொம்பை. பருந்து அந்துப்பூச்சிப் புழுக்கள் பெரும்பாலானவற்றுக்கு வாலருகே ஒரு கொம்பு உண்டு. மண்டையோட்டுப் பூச்சியின் கொம்பு தனி ரகம். தடித்து, முழுக்கச் சிறு பருக்கள் நிறைந்து, சொரசொரப்பாக இருக்கும். கீழ்நோக்கி வளைந்து நுனியில் மறுபடி மேலே திரும்பும். பச்சை, மஞ்சள், பழுப்பு என எந்த நிறமாக இருந்தாலும், முற்றிய புழுவுக்கு இது மாறாது. நம்மூரில் இதோடு அதிகம் குழம்புவது சர்க்கரைவள்ளிக் கொடியில் இருக்கும் அக்ரியஸ் கன்வால்வுலி புழு. அதிலும் பச்சையும் பழுப்பும் உண்டு, சாய்வுக் கோடும் உண்டு. ஆனால் அதன் கொம்பு வழவழப்பாக, அரிவாள் வளைவில் ஒரே பக்கமாக வளைந்திருக்கும். அரளிச் செடியில் இருக்கும் பச்சைப் புழுவையும் சிலர் இதோடு சேர்த்துவிடுகிறார்கள். அதற்கு முன்பகுதியில் நீலக் கண் போன்ற இரண்டு பெரிய புள்ளிகள் இருக்கும். அதைப் பார்த்தாலே போதும்.

கொம்பு கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம். அதில் விஷமும் இல்லை, குத்தும் கூர்மையும் இல்லை. சீண்டினால் புழு தலையை இழுத்துக்கொண்டு தாடைகளை டக் டக் என்று தட்டும். கேட்பதற்கு மிரட்டலாக இருக்கும், அவ்வளவே.

எந்தச் செடியில் இருந்தது என்பதும் ஒரு துப்பு. ஸ்டிக்ஸ் புழு எள்ளில் அடிக்கடி கிடைக்கும். கத்தரி, அவரை, மல்லிகை ஆகியவற்றிலும் இருக்கும். லாக்கெசிஸ் புழுவும் பல குடும்பச் செடிகளைத் தின்னும். இரண்டின் பட்டியலும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் செடியை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. புழு நிலையில் ஸ்டிக்ஸா லாக்கெசிஸா என்று அடித்துச் சொல்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள் என்றே சொல்வேன். ஒரு வாளியில் ஈரமான மண் போட்டு, அதே செடியின் இலையைக் கொடுத்து வளர்த்துப் பூச்சி வெளியே வரும்வரை காத்திருப்பதுதான் உறுதியான வழி.

கூட்டுப்புழு மண்ணுக்குள் 15 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு வழவழப்பான அறை செய்துகொண்டு கிடக்கும். உழும்போது மேலே வரும். பெரியது, பளபளக்கும் செம்பழுப்பு. இதையும் அக்ரியஸ் கூட்டுப்புழுவையும் பிரிப்பது மிக எளிது. அக்ரியஸுக்கு உறிஞ்சுகுழல் மிக நீளம் என்பதால் அதன் உறை முன்பக்கத்தில் கூஜாவின் கைப்பிடிபோல வளைந்து துருத்திக்கொண்டிருக்கும். மண்டையோட்டுப் பூச்சிக்கு உறிஞ்சுகுழல் குட்டை. அதனால் அதன் கூட்டுப்புழுவில் அந்தக் கைப்பிடி இருக்காது.

இப்போது பூச்சிக்கு வரலாம். இறக்கைகளை விரித்தால் 8 முதல் 13 சென்டிமீட்டர் வரை. உள்ளங்கையை அடைத்துக்கொள்ளும். மண்டையோடு என்பது மார்பின் மேற்புறத்தில் வெளிர் செதில்கள் சேர்ந்த ஒரு திட்டு, அதற்குள் கண்குழிபோல இரண்டு கரும்புள்ளிகள். அவ்வளவுதான் அந்தப் புகழ்பெற்ற குறி. அது ஒவ்வொரு பூச்சியிலும் கொஞ்சம் வேறுபடும். ஒன்றில் மஞ்சளாக எடுப்பாக இருக்கும், இன்னொன்றில் மங்கிய பழுப்பாக இருக்கும். அந்துப்பூச்சியின் எல்லா நிறமும் செதில்களில் இருப்பது, செதில்கள் உதிரக்கூடியவை. பல நாள் பறந்து, இடுக்குகளில் நுழைந்து வெளியே வந்த பூச்சியின் மண்டையோடு பாதி அழிந்திருக்கும். பின் இறக்கையின் மஞ்சளும் அப்படித்தான். ஒன்றில் வெளிர், ஒன்றில் காவி. சாயலை வைத்து இனம் சொல்ல முயன்றால் கடைசிவரை சண்டைதான்.

பார்க்க வேண்டியது சாயலை அல்ல, எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதை. ஸ்டிக்ஸையும் லாக்கெசிஸையும் பிரிக்க முதலில் பின் இறக்கை. லாக்கெசிஸில், இறக்கை உடம்போடு சேரும் அடிப்பகுதியில் பெரிய கறுப்புத் திட்டு ஒன்று இருக்கும். ஸ்டிக்ஸில் அந்த இடம் மஞ்சளாகவே இருக்கும், கரும்பட்டைகள் அதற்கு வெளியேதான் வரும். அடுத்து வயிற்றின் மேற்புறம். லாக்கெசிஸில் நடுவே ஓடும் நீலச்சாம்பல் பட்டை மிக அகலம். மஞ்சள் ஓரங்களில் சிறு கட்டங்களாக ஒடுங்கிப் போயிருக்கும். ஸ்டிக்ஸில் நீலச்சாம்பல் குறுகல், மஞ்சள் தாராளம். பொதுவாக லாக்கெசிஸ் பெரியது, கருத்தது. ஆனால் அளவை மட்டும் நம்ப வேண்டாம், ஒரு பெரிய ஸ்டிக்ஸ் ஒரு சிறிய லாக்கெசிஸை எளிதாகத் தாண்டிவிடும்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. உட்கார்ந்திருக்கும் பூச்சி முன் இறக்கைகளால் பின் இறக்கையையும் வயிற்றையும் கூரைபோல மூடிவிடும். எடுக்கப்படும் படங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். மண்டையோடு பளிச்சென்று தெரியும், இனத்தைச் சொல்லும் எதுவும் தெரியாது. ஒரு மெல்லிய குச்சியால் மெதுவாகத் தொட்டால் பூச்சி இறக்கைகளை உயர்த்தி வயிற்றைக் காட்டும். அந்த நொடியில் எடுக்கும் படம் நூறு மண்டையோட்டுப் படங்களுக்கு மேல்.

அட்ரோபோஸையும் ஸ்டிக்ஸையும் பிரிப்பது வேறு கணக்கு. இரண்டுக்கும் பின் இறக்கை கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான். முன் இறக்கையின் நடுவில் ஒரு சிறு புள்ளி இருக்கும். அட்ரோபோஸில் அது வெள்ளை, ஸ்டிக்ஸில் பெரும்பாலும் ஆரஞ்சு கலந்த மஞ்சள். பூச்சியை மெல்லத் திருப்பி முன் இறக்கையின் அடிப்பக்கம் பார்த்தால் அட்ரோபோஸில் நடுவே ஒரு கரும்பட்டை, ஸ்டிக்ஸில் இரண்டு. வயிற்றின் அடிப்பக்கத்தில் அட்ரோபோஸுக்குக் குறுக்குப் பட்டைகள் உண்டு, ஸ்டிக்ஸுக்கு இல்லை. தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இந்தச் சோதனை தேவையே இல்லை. இந்த இரண்டு இனங்களும் சந்திக்கும் அரேபியத் தீபகற்பத்தில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது தேவைப்படும்.

ஆணா பெண்ணா என்பதும் சிலருக்குத் தெரிய வேண்டியிருக்கும். ஆணின் வயிறு நுனியில் கூர்ந்து ஒடுங்கும். பெண்ணுக்கு அது அகன்று உருண்டிருக்கும். இதில் நிற வேறுபாடு ஒன்றும் இல்லை.

பூச்சி நிலையிலும் அக்ரியஸ் குழப்பம் தொடரும். அதுவும் பெரியது, சாம்பல் நிற முன் இறக்கை, பட்டை போட்ட வயிறு. ஆனால் அதன் வயிற்றுப் பட்டைகள் இளஞ்சிவப்பு, மஞ்சள் இல்லை. உறிஞ்சுகுழல் உடம்பைவிட நீளம், நீளக் குழல் பூக்களுக்குள் விட்டுத் தேன் குடிக்க ஏற்றது. மண்டையோட்டுப் பூச்சியின் உறிஞ்சுகுழல் குட்டையாக, தடித்து, உறுதியாக இருக்கும். இதன் உணவுப் பழக்கமே வேறு என்பதுதான் காரணம். இது தேன்கூட்டுக்குள் நுழைந்து மெழுகு மூடியைத் துளைத்துத் தேன் திருடும். நம்மூரில் அடுக்குத் தேனீக் கூடுகள் இதற்கு இலக்கு.

ஆயிரக்கணக்கான தேனீக்கள் இருக்கும் கூட்டுக்குள் இவ்வளவு பெரிய பூச்சி எப்படி உயிரோடு போய்வருகிறது? 1991ல் மோரிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் அட்ரோபோஸின் உடல் மேற்பரப்பை ஆராய்ந்தார்கள். தேனீக்களின் மேலிருக்கும் அதே நான்கு கொழுப்பு அமிலங்கள் அதே விகிதத்தில் அதன் மேலும் இருந்தன. இருட்டான கூட்டுக்குள் தேனீ வாசனையால்தான் ஆளை அறியும். அதன் மூக்குக்கு இந்தப் பூச்சி இன்னொரு தேனீ. நமக்கோ அது மண்டையோடு. கூட்டுக்குள் மண்டையோடு யாருக்கும் தெரியப் போவதில்லை என்பதால், அந்தக் குறி தேனீயின் முகத்தைப் போல இருப்பதுதான் பாதுகாப்பு என்ற பழைய விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பகலில் சீண்டப்படும்போது இறக்கையைத் தூக்கி மஞ்சளும் கறுப்பும் காட்டி மிரட்டுவதன் ஒரு பகுதியாக அது இருக்கிறது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அந்த மிரட்டலோடு சேர்ந்து வருவது கீச்சென்ற சத்தம். இதுவும் ஒரு நல்ல அடையாளம்தான், ஏனென்றால் எலிக்குஞ்சு மாதிரி இவ்வளவு உரக்கக் கத்தும் வேறு அந்துப்பூச்சி நம்மூர் விளக்கடியில் இல்லை. இறக்கையை உரசி எழுப்பும் சத்தம் அல்ல இது. தலைக்குள் இருக்கும் குழி விரிந்து உறிஞ்சுகுழல் வழியாகக் காற்றை இழுக்கிறது. வாசலில் உள்ள ஒரு சிறு மடிப்பு அதில் அதிர்கிறது. பிறகு குழி சுருங்கிக் காற்று வெளியேறும்போது விசில்போல இன்னொரு சத்தம். கையில் பிடித்தவர்கள் திடுக்கிட்டு விட்டுவிடுவார்கள். அதற்காகத்தான் அந்தச் சத்தமே.

முதுகில் மண்டையோடு, வாயில் கீச்சுக் குரல், ராத்திரி வருகை. ஐரோப்பாவில் இது சாவின் தூதன் என்று நூற்றாண்டுகளாகப் பயந்து அடித்துக் கொன்றார்கள். இந்தப் பூச்சி கடிக்காது, கொட்டாது, எந்த நோயையும் சுமந்து வராது. வீட்டுக்குள் வந்துவிட்டால் விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும், போய்விடும்.

விவசாயிகள் கேட்பது வேறு: செடிக்கு எவ்வளவு சேதம்? ஒரு முற்றிய புழு நிறையத் தின்னும், மறுப்பதற்கில்லை. ஒரு எள் செடியை இரண்டு மூன்று நாளில் மொட்டையாக்கிவிடும். ஆனால் முட்டை ஒவ்வொன்றாக இடப்படுவதால் வயல் முழுக்கக் கூட்டமாக இறங்குவது அரிது. எள்ளில் இலைகளைப் பிணைத்துக் காய் துளைக்கும் சிறு புழுவோடு ஒப்பிட்டால் இது சின்ன எதிரி. இலையில்லாத காம்பும், அடியில் மிளகைவிடப் பெரிய, நீளவாக்கில் பள்ளம் ஓடிய எச்ச உருண்டைகளும் இருந்தால் அந்தச் செடியில் புழு இருக்கிறது. அப்போது கண் மஞ்சளையோ பச்சையையோ தேடக்கூடாது, கொம்பைத் தேட வேண்டும். எடுத்து வேறு செடியில் விடலாம். அறுவடைக்குப் பிறகு ஆழ உழுதால் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து பறவைகளுக்கு இரையாகும். டாக்கினிட் ஈக்கள் புழுக்களின் உடம்புக்குள் வளர்ந்து ஏற்கெனவே ஒரு பங்கைக் குறைத்துவிடுகின்றன. விரலால் எடுத்துப் போடக்கூடிய ஒரு புழுவுக்காக வயல் முழுக்க மருந்து தெளிப்பது, அந்த ஈக்களையும் தேனீக்களையும் கொல்வதில்தான் முடியும். எள் பூக்கும்போது தேனீ வருகிறது என்பதை நினைத்தால் இது நமக்கே நஷ்டம்.

இந்த இரண்டு இனங்களும் எங்கே எவ்வளவு இருக்கின்றன என்று அறிய மக்கள் எடுக்கும் படங்கள் பெரிய உதவி. எடுப்பவர்கள் கொஞ்சம் கவனித்தால் போதும். புழு என்றால் பக்கவாட்டில் முழு உடம்பு, கொம்பு மட்டும் நெருக்கமாக ஒன்று, செடி தெரிகிற மாதிரி ஒன்று. செடியின் பெயரையும் தேதியையும் எழுதி வைக்கவும். ஒரே செடியில் இரண்டு நிறம் இருந்தால் இரண்டையும் ஒரே படத்தில் எடுத்தால் மிக நல்லது. பூச்சி என்றால் மேலிருந்து ஒன்று, இறக்கை உயர்த்தும்போது பின் இறக்கையின் அடிப்பகுதியும் வயிறும் தெரிகிற மாதிரி ஒன்று, கண்ணாடி ஜன்னலில் உட்கார்ந்திருந்தால் மறுபக்கம் போய் அடிவயிறும் முன் இறக்கையின் அடிப்பக்கமும் தெரிகிற மாதிரி ஒன்று. மண்டையோட்டை எப்படியும் எடுத்திருப்பீர்கள்.